நிறம் போன அமைதி: கீழக்கரைத் தெரு ஓவியம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

படம்

கீழக்கரையில் ஒரு வீட்டு முன்கட்டில் அறுபது வருடத்துக்கு மேல் தொங்கிய நீர்வண்ணப் படம் இது. காகிதத்தில் தீட்டியது. உயரம் 56 செ.மீ., அகலம் 38 செ.மீ. படத்தில் இருப்பது அந்த வீடு நிற்கிற தெருவேதான். இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணைகள், மரத்தூண்கள், காரை பூசிய சுவர்கள், ஓட்டுச் சார்ப்பு. தெருக்கோடியில் விரல் அகலத்துக்குக் கடல், அதில் ஒரு பாய்மரக் கோடு. தெருவில் ஆள் கிடையாது. ஒரு ஆடுகூடக் கிடையாது. வானம் வெளிறிய சந்தன நிறத்தில் மொட்டையாக இருந்தது.

வீட்டில் இதற்கு 'லுஹர் நேரத் தெரு' என்று பெயர். மத்தியானத் தொழுகை முடிந்து, சாப்பிட்டு, ஊரே கண்ணயர்ந்திருக்கும் நேரம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தைக் கொண்டுவந்தவரை ஊர் வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன், என்றே சொல்கிறேன். அவர் துபாயில் இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். "அங்க இருக்கும்போது ஊரை நெனச்சா தெரு ஞாபகத்துக்கு வராது, இந்தப் படம்தான் வரும். அந்த அமைதி" என்றார்.

ஐப்பசி மழையில் கண்ணாடிக்கு உள்ளே பூஞ்சை படர ஆரம்பித்ததும் பதறிப்போய், படத்தைப் பழைய கைலியில் சுற்றி, அதன்மேல் பாலிதீன் சுற்றி, ராமநாதபுரத்தில் என் அறைக்கே எடுத்து வந்துவிட்டார். பழைய காகிதங்களையும் படங்களையும் பழுது பார்ப்பது என் வேலை. அவர் கேட்டது இரண்டு: பூஞ்சையை எடுக்க வேண்டும், வானத்துக்குக் கொஞ்சம் நீலம் கொடுக்க வேண்டும். முதலாவதற்கு ஒப்புக்கொண்டேன். இரண்டாவதற்கு, பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பிரேமைப் பிரித்தபோது

பின்பக்கம் ஒட்டியிருந்த காக்கித்தாள் பாதி போய்விட்டிருந்தது. மைதாப் பசை தடவிய இடங்களை மட்டும் பார்த்துப் பார்த்து ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. அதற்கு வேண்டியது பசைதான். பசையோடு சேர்ந்து காகிதமும் போகிறது. அடுத்து ஒரு பழுப்பு அட்டை, தொட்டால் பிசுபிசுப்பு. அட்டைக்கும் படத்துக்கும் நடுவே செய்தித்தாள் ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். தேதி இருந்த மேல்பகுதி கிழிந்திருந்தது. ஆனால் உள்பக்கத்தில் ஒரு தைல விளம்பரத்தின் அடியில் '75 ந.பை.' என்று விலை.

இந்த இரண்டு எழுத்து பெரிய உதவி. ரூபாய், அணா, பைசா போய்த் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்கப் புதியதற்கு 'நயா பைசா' என்று பெயர் வைத்தார்கள். 1964 ஜூன் 1 முதல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. ஆகவே அந்தத் தாள் இந்த ஏழு வருடத்துக்குள் அச்சானது; பிரேம் போட்டதும் அதை ஒட்டித்தான் இருக்க வேண்டும். படம் அதற்கும் கொஞ்சம் முந்தியதாக இருக்கலாம்.

அடுத்து கண்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. கண்ணாடியைக் காகிதத்தின் மேல் நேராக அழுத்தி வைத்திருந்தார்கள். நம் பக்கத்துப் பிரேம் கடைகளில் இன்றும் நடக்கிற தவறு இது. ஈரக் காற்று உள்ளே போய்க் கண்ணாடியில் வியர்க்கும். அந்த ஈரத்தில் வண்ணத்தில் கலந்த பிசின் இளகும். காய்ந்தால் காகிதம் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். வலது கீழ் மூலையில், கட்டைவிரல் அளவுக்கு, அப்படிப் பிடித்திருந்தது. ஓவியர் கையெழுத்துப் போட்ட இடமும் அதுதான். எவ்வளவு பொறுமையாக ஈரம் காட்டியும் மேல்தோல் கண்ணாடியோடு போய்விட்டது. கையெழுத்தின் கடைசி வால் மட்டும் காகிதத்தில் நின்றது. மிச்சம் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்தது. அந்தக் கண்ணாடித் துண்டை வெட்டி, உறையில் போட்டு, வீட்டாரிடமே கொடுத்திருக்கிறேன். எந்தக் காலத்திலும் எறிந்துவிட வேண்டாம் என்று உறையின் மேலேயே எழுதியும் வைத்தேன்.

கண்ணாடியின் உள்பக்கம் வெண்மையாகப் பூத்திருந்தது. பூஞ்சை ஒரு பகுதி. மீதி என்னவென்று அறிய, காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்து, அந்த நீரில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டேன். பால் திரிந்ததுபோல வெள்ளையாகத் திரண்டது. உப்பு.

ஆறு மில்லிமீட்டர் ஓரம்

எந்தப் படத்தைப் பிரித்தாலும் நான் முதலில் பார்ப்பது பிரேமின் காடிக்குள், அதாவது படத்தின் விளிம்பைப் பிடிக்கும் பள்ளத்துக்குள், மறைந்திருந்த ஓரத்தைத்தான். வெளிச்சமே படாத இடம் அது. இந்தப் படத்தில் நான்கு பக்கமும் ஆறு மில்லிமீட்டர்.

மேல் ஓரத்தில் நல்ல சாம்பல் கலந்த நீலம். பக்கவாட்டில் கீழே இறங்க இறங்க அந்த நீலம் மங்கி, தெருக்கோடி உயரத்துக்கு வரும்போது ரோஜா நிறம். கூச்சமில்லாத, அடர்ந்த ரோஜா. காடியின் விளிம்பு வந்த இடத்தில் அடிக்கோல் வைத்து வெட்டியதுபோல அது நின்றுவிட்டது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மொட்டைச் சந்தன நிறம். பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினால் இது, மறுபடி நகர்த்தினால் அது. அன்றைக்கு வேறு வேலை செய்ய முடியவில்லை. திரும்பத் திரும்ப அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடுகளின் சிவப்பு மட்டும் படம் முழுக்கப் போகாமல் இருந்தது. காரணம் எளிது. ஓட்டுக்குப் போட்டது காவி இனம், இரும்பு கலந்த மண் நிறம்; வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியங்களில் இன்றும் முதலில் கண்ணில் படுவது சிவப்புதானே. வானத்துக்குப் போட்ட சிவப்பு வேறு. சாயத்தைப் படிய வைத்துச் செய்யும் 'லேக்' வகை. அந்தக் காலத்து மலிவான வண்ணப்பெட்டிகளில் 'கிரிம்சன் லேக்' என்று இருக்கும். தீட்டும்போது அத்தனை அழகு. வெளிச்சத்தில் வைத்தால் ஓடிவிடும்.

சிவப்பு ஓடியிருந்தால் வானத்தில் மட்டும் ஓடியிருக்காதே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. அறையை இருட்டாக்கி, படத்தை மேசையில் படுக்க வைத்து, டார்ச்சைக் காகிதத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தேன். இப்படிப் பிடித்தால் பென்சில் அழுத்திய பள்ளங்கள் நிழல் கட்டித் தெரியும். வலப்பக்கத்து மூன்றாவது திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கவிட்டு. தலையில் கவிழ்த்த டம்ளர்போல ஒரு வடிவம்: துருக்கித் தொப்பி, குஞ்சம்கூட ஒரு கீற்றாகத் தெரிந்தது. தெருக்கோடியில், கடலுக்கு முன்னால், கையில் தூக்குச்சட்டியோடு ஒரு பையன்.

இருவருக்கும் உடுப்பு அதே லேக் சிவப்பில், மிக மெல்லிய பூச்சாகப் போட்டிருக்கிறார்கள். அது போனதும் பின்னால் இருந்த சுவர் நிறமும் மண் நிறமும் மட்டும் நின்றன. வெறும் கண்ணால் பார்த்தால் லேசான அழுக்குக் கறை என்றுதான் தோன்றும். காக்காவும் என்னிடம் எடுக்கச் சொன்ன கறைகளில் அந்தத் திண்ணைக் கறையும் ஒன்று.

நேரம் எது

பிறகு ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு கீழக்கரைக்குப் போனேன். வீடு காக்காவின் லாத்தாவுடையது, அதாவது அக்காவுடையது. அந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தெருப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வலப்பக்கத்து வீடுகள் இன்று கான்கிரீட் ஆகிவிட்டன. இடப்பக்கம் இரண்டு வீடுகள் படத்தில் உள்ளபடியே நிற்கின்றன.

சுவருக்குச் சுவர் தெருவின் அகலம் 11 அடி. இடப்பக்கத்துப் பழைய வீட்டின் உயரம் கைப்பிடிச் சுவரோடு 17 அடி. படத்தில் எதிர்வீடும் அதே உயரம். எதிர்வீட்டின் நிழல் இந்த வீட்டுச் சுவரில் ஏறி, உச்சிக்கு இரண்டு அடி கீழே நிற்கிறது. அதற்கு மேலே மட்டும் வெயில். 11 அடி தூரத்துக்கு 2 அடி இறக்கம் என்றால் சூரியன் தொடுவானிலிருந்து சுமார் 10 பாகை உயரத்தில் இருந்திருக்கிறது. நம் பக்கம் சூரியன் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை இறங்கும். ஆக, பொழுது அடைய முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. ஓவியர் கண்ணால் பார்த்துப் போட்ட நிழல், அளந்து போட்டதல்ல. பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் இருக்கட்டும். உச்சிப் பொழுதில் அந்த நிழல் விழவே விழாது.

காலையாக ஏன் இருக்கக் கூடாது? கடல் தெற்கே. கடலைப் பார்த்து நின்றால் இடது கை கிழக்கு. கிழக்குப் பக்கத்து வீடுகளின் முகத்தில் வெயில் அடிக்கிறது என்றால் சூரியன் மேற்கே. பிற்பகல் தொழுகையான அஸர் முடிந்து, அந்தித் தொழுகையான மஃரிபின் பாங்குக்கு முந்திய நேரம். ரோஜா வானம் சரியாகப் பொருந்துகிறது.

டார்ச் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவை லாத்தாவிடம் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அப்பாதான்" என்றார். அவர் சொன்னது உம்மாவின் வாப்பாவை, தாய்வழித் தாத்தாவை. "அந்தத் திண்ணையிலதான் குந்தி இருப்பாக. நான் சின்னப்புள்ளையா இருக்கையில தொப்பி செவப்பா இருந்துச்சு தம்பி. எப்ப போச்சுன்னு தெரியல. தெனம் பாத்துக்கிட்டே இருந்தேன், தெரியல." பையனின் கையில் இருப்பது பள்ளிவாசலில் ஊற்றிய நோன்புக் கஞ்சி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அஸருக்குப் பிறகு தூக்குச்சட்டியோடு ஒரு பையன் வருகிறான் என்றால் வேறென்ன என்று கேட்டார். பென்சில் கோட்டை வைத்து நான் அவ்வளவு தூரம் சொல்ல மாட்டேன். ஆனால் படத்தின் நேரம் அவர் சொல்வதற்கு இடம் கொடுக்கிறது.

ஆக, இந்தப் படத்தில் எல்லோரும் நேசித்த அமைதியில் ஓவியர் வைத்தது பாதிதான். மீதிப் பாதியைச் செய்தது வெளிச்சமும் இந்தக் கடற்கரைக் காற்றும். அவர் தீட்டியது ஆளில்லாத மத்தியானம் இல்லை. நோன்பு திறக்கக் காத்திருந்ததோ என்னவோ, இரண்டு பேர் உள்ள ஒரு சாயங்காலத் தெரு.

இப்படி நேர்ந்த படங்களில் உலகம் அறிந்த ஒன்று உண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் யோகன்னஸ் வெர்மீர் 1658 வாக்கில் தீட்டிய 'சின்னத் தெரு', இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது. ஒரு செங்கல் வீடு, வாசலில் தைத்துக்கொண்டு ஒரு பெண், குனிந்து விளையாடும் பிள்ளைகள், அவ்வளவுதான். அதில் உள்ள கொடியின் இலைகள் இன்று நீலமாகத் தெரிகின்றன. பச்சைக்காக நீலத்தோடு சேர்த்த மஞ்சள் லேக் வெளிறிப் போய்விட்டது, நீலம் நின்றுவிட்டது. அந்தத் தெரு எது என்று வெகுகாலம் தேடினார்கள். 2015இல் பேராசிரியர் ஃபிரான்ஸ் கிரைசன்ஹவுட், ஒவ்வொரு வீட்டின் அகலத்தையும் சந்தின் அகலத்தையும் எழுதி வைத்த 1667ஆம் ஆண்டு வரிப் பேரேட்டை வைத்து, அது ஃபிளாமிங் தெருவில் இன்றைய 40, 42ஆம் எண் உள்ள இடம் என்று முடிவுக்கு வந்தார். நமக்கு அப்படி ஒரு பேரேடு இல்லை. டேப்பும் லாத்தாவின் ஞாபகமும் இருந்தன.

கெடுத்தது எது

வயசானதால் போச்சு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வயசு மட்டும் காரணம் என்றால் காடிக்குள் இருந்த ஓரமும் வெளிறியிருக்க வேண்டும்.

படம் தொங்கியது வெளிச்சுவரின் உள்பக்கத்தில். எதிரே முற்றம், தினமும் சில மணி நேரம் வெயில் நேராக அடிக்கும். அது நிறத்தை எடுத்தது. ஆனால் வெளிச்சம் தனியாகச் செய்த வேலை இல்லை இது. 1888இல் பிரிட்டனில் ரசலும் ஆப்னியும் நீர்வண்ணங்களை வெயிலில் வைத்துச் சோதித்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஈரக் காற்றில் பல நிறங்கள் வேகமாக வெளிறின. காற்றை எடுத்துவிட்ட குழாயில் வைத்தவை பெரும்பாலும் அப்படியே இருந்தன. அதே படம் ஒரு வறண்ட ஊரில் தொங்கியிருந்தால் தொப்பியின் சிவப்பு இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும்.

இனி சுவர். நம் கடற்கரைப் பழைய வீடுகளில் பவளக்கல்லும் கடற்பாறையும் வைத்துக் கட்டி, சிப்பிச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆவதற்கு வெகுகாலம் முன்பே வெட்டி எடுத்த கல். அந்தச் சுவருக்குள் உப்பு இருக்கிறது. சோழகக் காற்று வெளியிலிருந்தும் கொண்டுவந்து சேர்க்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். சமையலறை உப்பு ஜாடியில் தினமும் பார்க்கிற விஷயம்தான். அதே வேலை பிரேமுக்குப் பின்னாலும் நடக்கிறது. இரவில் இழுக்கும், பகலில் காயும், மறுபடி இழுக்கும். காகிதம் ஒவ்வொரு தடவையும் விரிந்து சுருங்கும். ஈரப்பதமானி ஒன்றைப் படம் இருந்த இடத்தில் சுவரோடு சேர்த்து மழைக்காலத்தில் ஒரு மாதம் வைத்தேன். அந்த மாதம் முழுக்க 80க்குக் கீழே இறங்கவில்லை. பூஞ்சைக்கு 70 போதும்.

செய்ததும் செய்யாததும்

பூஞ்சையை ஒரு வாரம் காய வைத்து, மென்தூரிகையால் துடைத்து எடுத்தேன். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது காகிதத்துக்குள் இறங்கிவிடும். பின்பக்கத்து மைதாப் பசையை மீதைல் செல்லுலோஸ் களியால் இளக்கி, எலும்புக் கத்தியால் வழித்தேன். உப்பை எடுக்க, ஒற்றுத்தாளை நனைத்துப் படத்தை அதன்மேல் முகம் மேலாகக் கிடத்தினேன். ஒற்றுத்தாள் அடியிலிருந்து உறிஞ்சும். தாள் மாற்றி மாற்றி ஆறு தடவை. ஆறாவது தாளின் நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டபோது ஒன்றும் திரளவில்லை.

பழுப்பு அட்டையால் காகிதத்தில் அமிலம் ஏறியிருந்தது. வழக்கமாகச் சுண்ணாம்பு நீர் கொடுத்து அதை ஆற்றுவோம். இங்கே கொடுக்கவில்லை. காடி ஓரத்து நீலத்தில் ஊசிமுனை அளவு காரம் வைத்துப் பார்த்தேன், பழுப்பாக மாறியது. பிரஷ்யன் நீலம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அமிலத்தை ஆற்றப் போய் மிச்சமிருக்கிற கடலையும் இழக்க வேண்டியிருக்கும். காகிதத்தின் பழுப்பை அப்படியே விட்டேன்.

கையெழுத்து போன மூலைக்கு ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமைப் பசையால் வைத்து, பக்கத்து நிறத்துக்கு ஒத்த மங்கல் நிறம் கொடுத்தேன். நான் தூரிகை வைத்த ஒரே இடம் அதுதான்.

வானத்தைத் தொடவில்லை. இதில் காக்காவுக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடந்தது. ரோஜா நிறம் இருந்தது என்று தெரிந்த பிறகு அவருடைய ஆசை இன்னும் கூடிவிட்டது. "நீங்களே கண்டுபுடிச்சீங்க, நீங்களே போட்டுடுங்க. அப்பா தொப்பியையும் போட்டுடுங்க" என்றார். நியாயமான ஆசைதான். ஆனால் நான் போட்டால் அது என் வானம். கீழே மிச்சமிருக்கிற ஓவியருடைய பூச்சோடு அது கலந்துவிடும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. நாளைக்கு வேறொருவர் என்னைவிட நல்ல கருவியோடு வந்து பார்த்தால் அவருக்குக் கிடைப்பது என் கைவேலையாக இருக்கக் கூடாது. அதோடு, காக்கா அத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்த அமைதியும் அன்றோடு போய்விடும். கடைசியாகச் சொன்னது அவருக்குப் பிடிபட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பதிலாக ஒரு நகல் செய்தேன். புதுத் தாளில், காடி ஓரத்தின் நிறங்களைப் பார்த்து, பென்சில் பள்ளங்களின் வழியே. வெளிறாத சிவப்பாக குயினாக்ரிடோன் வாங்கிப் போட்டேன். லாத்தாவிடம் காட்டியபோது வானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியை விரலால் சுட்டி, "இம்புட்டுச் செவப்பில்ல தம்பி, கொஞ்சம் கறுப்படிச்ச செவப்பு" என்றார். ஊருக்குத் திரும்பிப் போய், துளி நீலம் சேர்த்து அதன்மேல் இன்னொரு பூச்சு கொடுத்துக் கொண்டுவந்தேன். தலையை ஆட்டினார். நகலின் பின்னால் 'நகல்' என்றும், செய்த தேதியும், எந்தெந்த நிறம் ஊகம் என்பதும் எழுதியிருக்கிறது.

திரும்ப மாட்டியது

பழைய தேக்குப் பிரேமையே சுத்தம் செய்து போட்டோம். இப்போது கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையே அமிலமில்லாத அட்டையால் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு; பிரேம் சுவரைத் தொடாது, இடையில் காற்று ஓடும். வெளிச்சுவரை விட்டுவிட்டு, முற்றத்து வெயில் எட்டாத நடுக்கட்டின் உள்சுவரில் மாட்டினோம். அந்த இடத்தில் வைத்த ஈரப்பதமானி மழைக்காலத்தில் 70ஐ ஒட்டியே நின்றது.

மறு வருடம் கார்த்திகையில் போய்ப் பார்த்தேன். பூஞ்சை இல்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தது. இடது கீழ் மூலையில் மட்டும் கார்க் அமுங்கி, பிரேம் சுவரில் சாய்ந்து, சுவர்ப் பக்கம் காக்கித்தாளில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரக்கறை. படத்துக்கு அது எட்டவில்லை. கார்க்கை மாற்றினேன். ஒவ்வொரு ஆவணியிலும், மழைக்கு முன்னால், நான்கு கார்க்கையும் மாற்ற வேண்டும் என்று காக்காவின் மகனிடம் சொல்லி, மாற்றிக் காட்டி, ஒரு பொட்டலம் கார்க்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.